சட்டம் உண்டு, சபை எங்கே?
(உடப்பில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாகாண சபை வெறும் பெயர்ப் பலகைதானே என்று கேட்போர் நம்மிடையே உளர். வழக்கறிஞன் என்ற முறையில் ஒரு சான்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாக வகுத்தது: மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. அப்பொது நிரலில் சுற்றாடலும் இடம்பெற்றது. நமது வடமேல் மாகாண சபை வாளாவிருக்கவில்லை. 1990 இல் 12 ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டத்தை இயற்றியது. தனக்கெனச் சுற்றாடல் அதிகாரசபையையும் கண்டது. பயன் என்ன? நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் நாட்டுக்கே ஒளி தருவது. ஆயினும் சுற்றாடல் உரிமத்துக்கு அது நாட வேண்டியது மாகாணத்தின் வாயிலையே! ஒற்றையாட்சிக்குள்ளும் இவ்வளவு இயன்றது.

ஆனால், சட்டத்துக்கு உயிர் சபையன்றோ? 2013 செப்டெம்பரில் நாம் தெரிந்த சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. எல்லை நிர்ணயச் சிக்கலில் தேர்தல் முடங்கியது. ஆண்டுகள் உருண்டன, சனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கையில் நிருவாகம் தங்கியது. அலுவலகம் திறந்திருக்கலாம், அலுவலர் பணியாற்றலாம். நியதிச்சட்டத்தின் ஓர் எழுத்தை மாற்றவேனும் தெரிவுசெய்யப்பட்ட சபை வேண்டுமே! கரைவலை இழுப்பவரும் கற்பிட்டித் தோட்டக்காரரும் தம் குறையை எந்த மன்றில் எழுப்புவர்?

ஆகவே அன்பர்களே, புதிய அதிகாரம் கேட்குமுன், இருக்கும் அதிகாரத்தை ஏந்தக் கைகளைக் கேட்போம். தேர்தலைத் தருக என்பதே நமது முதற் கோரிக்கையாகட்டும்!