பிள்ளை பெற்றவளின் மனம்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையை உலகம் அறியும். அதன் தென்பால் விரிந்த கொட்டியாரக் குடாவை அண்டி, கிண்ணியா, மூதூர், சம்பூர் முதலிய ஊர்களிலே கடலையும் வயலையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. அங்கே ஒரு குழந்தை பிறந்துவிட்டால் வீடு முழுவதும் அதனைச் சுற்றியே இயங்கும். தாய்க்கும் சரக்கரைத்த கறி, வெந்நீர்க் குளிப்பு, ஓய்வு எல்லாம் உண்டு. தமிழர் வீடுகளில் 31 நாளும், முஸ்லிம் வீடுகளில் 40 நாளும் இம்முறை தொடரும். ஆயினும், அவள் மனம் எவ்வாறிருக்கின்றதென்று கேட்பவர் அரியர்.

பேற்றின் பின் மூன்றாம் நான்காம் நாளிலே காரணமின்றிக் கண்ணீர் பெருகுவது பல தாய்மாருக்கும் இயல்பு. இரு வாரத்துள் அது தானே அடங்கிவிடும். அடங்காது நீடித்து, உணவும் உறக்கமும் கெட்டு, பெற்ற பிள்ளையிலும் பற்றற்று, தான் நல்ல தாயல்லள் என்று அவள் நைவாளாயின், அது சோம்பலுமன்று, பேய்க்கோளாறுமன்று. மனச்சோர்வு என்னும் நோய். வளரும் நாடுகளிலே பிள்ளை பெற்ற தாய்மாரில் ஏறக்குறைய ஐவருள் ஒருவர் மனநோய்க்கு, பெரும்பாலும் இச்சோர்வுக்கு, ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இல்லாத குரல் கேட்பதும், வீணே ஐயுறுவதும் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கே நேரும். நேர்ந்தால் ஒரு நாளேனும் தாமதியாது வைத்தியசாலை சேர்க்க வேண்டும்.

இம்மாவட்டத்திலே இத்துன்பத்துக்கு வேறு காரணங்களும் உள. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையையே சிதைத்தது. 2006ஆம் ஆண்டுப் போரிலே மூதூர், சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்கள் பலர் ஊர் திரும்ப 2015ஆம் ஆண்டிலேதான் வழி பிறந்தது. உற்றார் சிதறிய வீட்டிலே, இரவில் பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு கை இல்லாது போயிற்று.

இலங்கையில் இதற்கான வழி இல்லாமலில்லை. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையின் பயனாக, மருத்துவ மாது இன்று வீடு தேடி வருகின்றார். எடின்பரோவில் ஆக்கப்பெற்று 1987இல் வெளியான 10 வினாக்கள் கொண்ட தாள், தாயின் மனநிலையை அறிய உதவுகின்றது. இறுதி வினா, தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் எழுந்ததா என்பது. மாமியார் அருகிருக்க, கணவன் வாயிலில் நிற்க, எந்தப் பெண் அதற்கு "ஆம்" என்பாள்? "சுகந்தான்" என்றே சொல்லி முடிப்பாள். அந்த ஒரு சொல்லிலே ஓர் உயிர் மறைந்து கிடக்கக்கூடும்.

ஆகவே, மருத்துவ மாது வரும்பொழுது வீட்டார் சற்றே விலகி, இருவரையும் தனியே பேச விடுதல் வேண்டும். இரவிலே சில மணி நேரம் பிள்ளையைக் கணவன் ஏந்தினால், அவள் உறங்குவாள். அவ்வுறக்கமே பாதி மருந்து. மீதியை வைத்தியர் தருவர். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகளும் உண்டு. 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலே தேசிய மனநல நிறுவனத்தின் ஆலோசனையும் கிடைக்கும். பிள்ளையின் நிறையை மாதந்தோறும் நிறுத்துப் பார்க்கும் வீடு, தாயின் முகத்தையும் நாள்தோறும் பார்க்குமாயின், இந்நோய் பெரும்பாலும் தீரும்.