இராஜாஜி: ஏறிய படியும் இறங்கிய படியும்



அமெரிக்க நாட்டின் முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன், விடுதலைப் போரில் வென்றபின் 1783-இல் படைத்தலைமையைத் துறந்தார். இருமுறை குடியரசுத் தலைவராக இருந்தபின், மூன்றாம் முறை வேண்டாமென்று 1797-இல் தம் பண்ணைக்குத் திரும்பினார். சித்தேரி மலைப் பள்ளியில் இதனை நான் கற்பித்துக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் பக்கத்தில் அப்படி எவரேனும் உண்டா?" என்று வினவினான். அவனுக்கு நான் இராஜாஜியின் வரலாற்றைக் கூறினேன்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் இராஜாஜி. அவ்வூரும் நம் சித்தேரியும் அந்நாளில் ஒரே சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. சேலத்தில் வழக்கறிஞராகப் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1917-இல் அந்நகராட்சியின் தலைவரானார். பின்னர்க் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தொழிலைத் துறந்தார். 1921-இல் சிறை புகுந்தார்.

1937-இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானதும், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கைத் தொடங்கினார். அதற்கு அவர் முதலில் தேர்ந்த மாவட்டம் சேலம். கள்ளுக்கடை வருவாய் போயிற்று. அதனை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். அதே ஆண்டில், இந்தியரைக் கலவாமலே ஆங்கில அரசு இந்தியாவைப் போரில் இறக்கியது. அதனைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. இராஜாஜியும் பதவியைத் துறந்தார். 1942-இல் கருத்து வேறுபாட்டால் காங்கிரசையே விட்டு விலகி நின்றார்.

1948-இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் ஆனார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே. அவ்வளவு உயரம் ஏறியவர், 1952-இல் சென்னை மாநில முதலமைச்சராகப் பணியாற்றவும் இசைந்தார். கீழ்ப்படியில் நிற்க அவர் நாணவில்லை.

ஆனால் வரலாறு வெறும் புகழுரை அன்று. 1953-இல் அவர் ஒரு கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பாதி நாள் பயில வேண்டும். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருந்த பள்ளிகளைக் கொண்டே மிகுதியான பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அவர் கணக்கு. 'இது குலக்கல்வி' என்று நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசரின் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

இதனைக் கேட்ட அம்மாணவன், "அத்திட்டம் நிலைத்திருந்தால், ஐயா, நான் பாதி நாள் சாமைக் கொல்லையில்தானே நின்றிருப்பேன்?" என்றான். அவன் தந்தைக்கு எழுத்தறிவு இல்லை. "ஆம், அப்பா" என்பதன்றி என்னிடம் வேறு விடை இல்லை.

மாணவர்களே, மதுவிலக்கை நம் மாவட்டத்தில் முதலில் கொணர்ந்தவரும் அவரே. இம்மலைப் பிள்ளைகளின் படிப்பைக் குறுக்கவிருந்த திட்டத்தைக் கொணர்ந்தவரும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது ஆசிரியனுக்கு அழகன்று. பதவி துறந்ததனால் மட்டும் ஒருவர் செய்த பிழை நேராகிவிடாது. எனினும், நாற்காலியைப் பற்றிக்கொண்டு நில்லாதவரின் பிழையைத் திருத்த, அடுத்து வருபவருக்கு வழி திறக்கிறது. குடியாட்சியின் உயிர்நாடி அதுவே.

நாளை நீங்கள் ஊராட்சியில் அமரலாம், அமைச்சராகவும் ஆகலாம். ஏறக் கற்கும்போதே இறங்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாணவனைப் போல் எழுந்து நின்று வினவவும் கற்றுக்கொள்ளுங்கள்.