பச்சிளம் பிள்ளைக்குப் போர்த்தும் துணி

(நமது அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் வீடுகளில் ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் தேடுவது பழைய துணியைத்தான். வாப்பாவின் நைந்த கைலி, உம்மாவின் நூல் சேலை, பெட்டியின் அடியில் பத்திரப்படுத்திய வெள்ளைத் துண்டு. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி பிள்ளையின் மேனிக்கு இதமானது. வியர்வையை உறிஞ்சும், காற்றுப் போகும், வெந்நீரில் அலசினாலும் தாங்கும். இந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், "பருத்திதானே, ஒன்றும் செய்யாது" என்ற நினைப்பில் நாம் கவனிக்காமல் விடுகிற சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பச்சிளங்குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஒருநாள், பிறந்து ஐந்தே நாளான ஆண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண், உள்ளங்கை, பாதம் எல்லாம் மஞ்சள். பால் குடிக்கவில்லை, துவண்டு கிடந்தது. சுற்றியிருந்த துணியை விரித்தபோது அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது. "பேரனுக்கென்றே எடுத்து வைத்திருந்தேன்மா, பூச்சி அரிக்கக்கூடாது என்று உருண்டை போட்டு வைத்தேன்" என்றார் நன்னி. பிள்ளைக்கு ரத்தம் மாற்ற வேண்டி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டது. அந்த நன்னி செய்தது பாசத்தினால். அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் இருப்பது நாப்தலின். பெட்டியில் போட்ட உருண்டை நாளாக நாளாகச் சிறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது எங்கே போகிறது? ஆவியாகித் துணியின் இழைக்குள் போய் உட்காருகிறது. பருத்தியும் கம்பளியும் அதை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிள்ளையைச் சுற்றும்போது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். உடம்பில் எண்ணெய் தேய்த்திருந்தால் இன்னும் எளிதாகப் போகும்.

நம் ரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்க ஜி-6-பி-டி என்றொரு நொதி இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது பிறவியிலேயே குறைவு. ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். பார்த்தால் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையின் உடம்பில் நாப்தலின் சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை ஏறும். அது கடுமையாகிவிட்டால் மூளையையும் பாதிக்கும். பச்சிளம் பிள்ளைக்கு ஈரல் இன்னும் முதிராததால், குறை இல்லாத பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. 1963-லேயே கிரேக்க நாட்டு மருத்துவர்கள், நாப்தலின் ஆவியால் ரத்தம் உடைந்த 21 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். இது அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் அறிந்த விஷயம். நம் வீட்டு அலமாரி வரைதான் வந்து சேரவில்லை.

அதனால், பிள்ளைக்கு என்று வைத்த துணியில் உருண்டை போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் ஒரு தடவை துவைத்தது போதாது. பல நாள் வெயிலிலும் காற்றிலும் விரித்துப் போட்டு, மறுபடி துவைத்து, வாடை கொஞ்சமும் இல்லை என்று ஆன பிறகே எடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தத் துணி வேண்டாம். நன்றாகத் துவைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் வைத்தாலே பெரும்பாலும் பூச்சி வராது.

பிள்ளைக்குக் கண்ணோ உள்ளங்கையோ மஞ்சளித்தால், சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனால், வெளிறிப்போனால், பால் குடிக்காமல் துவண்டால், "வெயிலில் காட்டினால் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் உருண்டை இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். நடக்கிற பிள்ளைகள் உருண்டையை மிட்டாய் என்று வாயில் போடுவதும் உண்டு. அப்போது வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலோ எண்ணெயோ கொடுக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

அடுத்தது புதுத்துணி. கடையில் மடிப்புக் கலையாமல் நிற்கிற பருத்தித் துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். சுருங்காமல் இருக்கச் சேர்க்கும் பூச்சில் ஃபார்மால்டிஹைடு இருக்கக்கூடும், அது சில பிள்ளைகளின் தோலை அரிக்கும். பெருநாள் சட்டையானாலும் ஒருமுறையாவது அலசிவிட்டுப் போடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு அது ஆகாது. இயற்கைச் சாயம் என்று எழுதியிருந்தாலும் இதையே செய்யுங்கள்.

கையுறை, காலுறையை உட்புறம் திருப்பிப் பாருங்கள். தொங்குகிற ஒற்றை நூல் விரலில் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று விரல் நீலம் பாரிக்கும். காரணம் தெரியாமல் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால் விரல்களைப் பாருங்கள்.

சேலைத் தூளி நம் எல்லோருக்கும் பிரியமானது. ஆனால் அதில் பச்சைப்பிள்ளையின் தலை குனிந்து தாடை மார்பில் முட்டினால் மூச்சு அடைபடும். மல்லாக்க, சமமான படுக்கையில், முகத்தருகே துணியோ தலையணையோ இல்லாமல் தூங்க வைப்பதே பாதுகாப்பு. தூளியில் போட்டால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பிள்ளையை எடுத்ததும் சேலையை அவிழ்த்துவிடுங்கள். பெரிய பிள்ளைகள் அதை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

கடைசியாக நெருப்பு. பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், அதனால் பருத்திதான் நல்லது என்கிறோம். ஆனால் பருத்தியும் விரைவாகத் தீப்பிடிக்கும். தொளதொளவென்ற கவுனும் துப்பட்டாவும் அடுப்பருகே வேண்டாம். தூளிக்குக் கீழே சாம்பிராணிச் சட்டி வைப்பதை நிறுத்துங்கள். கங்கும் ஆபத்து, புகையும் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. உறங்கும் முன் விளக்கை அணைக்கச் சொல்லித் தந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். உடையில் தீப்பற்றினால் பிள்ளையைத் தரையில் படுக்க வைத்து உருட்டி அணையுங்கள். பிறகு புண்ணில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். பற்பசை, மாவு எதுவும் தடவாதீர்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைத் துணி வைத்த பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். உங்கள் தெருவில் நிறைமாதமாக இருக்கும் பெண்ணின் வீட்டிலும், எந்தச் சமுதாயத்தவரானாலும், இதைச் சொல்லிவிட்டு வாருங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.