வீழ்ந்த பிள்ளைக்கு ஒரு கை

(கடலூரில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

மிகுதியான மதிப்பெண் பெற்ற பிள்ளைகட்குச் சற்றுமுன் பரிசு வழங்கினீர்கள். கண் குளிரக் கண்டேன். ஆயினும் என் நினைவு இங்கே வாராதிருக்கும் சில பிள்ளைகளையே நாடிற்று. அவர்கள் மைதானத்தில் நன்கு ஓடுபவர்கள், பரீட்சையில் தவறியவர்கள். நாணத்தால் வீட்டிலேயே தங்கிவிட்டனர். அவர்கள்பொருட்டே இன்று பேச விரும்புகிறேன்.

அவ்வாறு நாணி ஒளிந்தவருள் யானும் ஒருவன். பதினைந்தாம் வயதில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நாள்தோறும் ஓடிப் பயின்றேன். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் என் பள்ளியில் யானே முதல்வன். மாவட்டப் போட்டியின் கடைசி வளைவில் கால் பிசகி வீழ்ந்தேன். அவ்வாண்டே பத்தாம் வகுப்புக் கணிதப் பரீட்சையிலும் தவறினேன். "ஓடியதனாலன்றோ தவறினான்" என்று வீட்டார் என் காலணியை எடுத்துப் பரண்மேற் போட்டனர். கால் பிசகியவனை மைதானத்திலும் தேடுவாரில்லை.

அண்டைத் தெருவில் ஓய்வுபெற்ற கணித உபாத்தியாயர் ஒருவர் இருந்தார். அவர் என் தந்தையாரிடம் வந்து, "பையனுடைய கால் ஆறும்வரை நடக்கட்டும், ஆறியபின் ஓடட்டும். ஓடிவிட்டு நேரே என் திண்ணைக்கு வரட்டும். வியர்வை ஆறுமுன் இரண்டு கணக்குப் போடுவோம்" என்றார். அவ்வளவே அவர் செய்த உபகாரம். அடுத்த பரீட்சையில் தேறினேன். பின்னர்ச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்கும் பேறு எய்தினேன். ஓட்டத்தில் யான் பெரும்புகழ் பெற்றேனல்லேன். ஆயினும் எழுந்து நின்றேன்.

என் வீழ்ச்சி சிறிது. பெரிய வீழ்ச்சியொன்றை நாடறியும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிற் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். செங்கற் சூளையில் உழைத்த பெற்றோரின் மகள். 2005-ஆம் ஆண்டில் ஆசியத் தடகளப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2006 டிசம்பரில் தோகா நகரத்து ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீட்டரை 2 நிமிடம் 3 வினாடி அளவில் ஓடி மீண்டும் வெள்ளி வென்றார். சில நாட்களுக்குள் பாலினப் பரிசோதனையின் பேரில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து உண்டவரல்லர், எவரையும் ஏய்த்தவரல்லர். பிறவியில் அமைந்த உடலியல்பே குற்றமாக எண்ணப்பட்டது. உலகோர் முன் அப்பெண் அடைந்த துயரத்தைச் சொல்லால் அளக்கவியலுமோ?

தமிழ்நாட்டரசு அவருக்குப் பதினைந்து இலட்சம் ரூபாய் வழங்கி ஆதரித்தது. அவர் தம் ஓட்டம் தடைப்பட்ட பின்பும் ஓட்டத்தை வெறுக்கவில்லை. புதுக்கோட்டையில் ஏழைச் சிறுவர் சிறுமியர்க்கு ஓடப் பயிற்றினார். எனினும் நிலையான வருவாய் இல்லை. 2012-இல் அவரே செங்கற் சூளையில் நாட்கூலிக்குச் சென்ற செய்தி வெளிவந்தது. அதன்பின் பெங்களூரில் ஓராண்டுப் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை மேற்கொண்டு முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார்.

ஈண்டு ஒன்று கவனியுங்கள். பறிபோன மைதானத்தை அவருக்கு மீட்டுத் தந்தது எது? படிப்பு. படிப்பை நாடுமாறு அவரைத் தூண்டியது எது? மைதானத்தின்மேல் வைத்த அன்பு. இரண்டையும் பகையென்று கருதுவது நம் பிழையேயாகும். சாந்தி நம் குலத்தவரோ என எவரேனும் வினவலாம். நற்பாடம் கற்பதற்குக் குலம் பார்ப்பாருமுளரோ?

நம் ஊர்ச் செய்தியும் ஒன்றுண்டு. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் காற்பந்தாட்டக் குழுவில் ஆடியவர். 2019-ஆம் ஆண்டு தெற்காசியப் போட்டியில் நான்கு கோல் அடித்தார். தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியேற்று, 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் காவற்கடமை புரிந்தார். பந்தாடும் பெண் என்னாவாள் என்று கேட்ட வாய்களுக்கு வேறு விடை வேண்டா.

அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்க்கு நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கும் ஏற்பாடு நம் மாநிலத்தில் உண்டு. ஆயின் அப்பணிக்குரிய படிப்பும் வேண்டும். ஆதலின் பரீட்சையில் தவறிய பிள்ளையை அவ்வாறே விட்டுவிட்டால் அவன் வென்ற பதக்கமும் பயன்படாது போம். பத்தாம் வகுப்பில் தவறினார்க்கு அவ்வாண்டே துணைத் தேர்வு நடைபெறுகிறது. ஓராண்டு வீணாகவேண்டுவதில்லை, அச்சில வாரங்களில் அருகிருந்து கற்பிப்பாரே வேண்டும்.

சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் மூன்று. கல்வி நிதியில் ஒரு பகுதியைத் தவறிய பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்திற்கும் மாலை வகுப்பிற்கும் ஒதுக்குக. ஏழைப் பிள்ளைகட்கு ஓட்டக் காலணி வாங்கித் தருக. காயமுற்ற பிள்ளையை மருத்துவரிடம் காட்டி, ஆறும்வரை ஓடவிடாது காத்து, ஆறியபின் தாமே மைதானத்திற்கு அழைத்துச் செல்லும் பெரியவர் ஒருவரைத் தெருவுக்கு ஒருவராக நியமிக்குக. பெண்மக்கட்கும் இவையனைத்தும் ஒப்ப உரியனவாதல் வேண்டும்.

தாய்மார்களே, தந்தைமார்களே! பிள்ளை தவறிய நாளில் அவனை வையாதீர்கள். தவறியது ஒரு பாடம், பிள்ளையல்லன். பரண்மேல் ஏறிய காலணியை இறக்கிக் கொடுங்கள். அதனோடு புத்தகத்தையும் கொடுங்கள்.

என்னை ஓடவிட்டுக் கணக்குக் கற்பித்த பெரியவர் இன்று இல்லை. அவர்க்குப் பட்ட கடனை வேறெவ்வாறு தீர்ப்பேன்? வரும் சனிக்கிழமை முதல் வாரந்தோறும் மாலை ஐந்து மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் இருப்பேன். தமிழ் யான் சொல்லித் தருவேன். கணிதம் அறிந்த அன்பர் ஒருவர் உடன்வருவாராயின், இன்று இங்கு வாராத அப்பிள்ளைகளை யானே வீடு சென்று அழைத்து வருவேன்.