பாடம் புரியணும், பதிலும் எழுதணும்: கல்லூரி ஆங்கிலத்துக்கு ஒரு படிக்கட்டு

(கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கல்லூரிக்கு வந்திருக்கும் முதலாண்டு மாணவர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் 2 வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம்தான் முதலில் பேச விரும்புகிறேன். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-லிருந்து இயங்குகிறது. போடியில் ஏலக்காய் விவசாயிகளின் சங்கமே ஒரு கல்லூரியைத் தொடங்கி நடத்துகிறது. பெரியகுளம், தேனி, கம்பம், வீரபாண்டி, ஆண்டிபட்டி என்று இன்று நம் மாவட்டத்தில் கல்லூரிக்காக யாரும் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் பாடப்புத்தகம் பல பேருக்கு இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. காரணம், அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாவுக்கு, பிள்ளை கல்லூரியில் எந்தப் பாடத்தில் திணறுகிறது என்று தெரிய வழியில்லை. பிள்ளையும் சொல்வதில்லை. முதல் பருவத்தில் ஒரு அரியர், இரண்டாம் பருவத்தில் மூன்று. அப்புறம் 'எனக்குப் படிப்பு வரல' என்ற முடிவு. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் பிள்ளைக்கு வேதியியலோ வணிகவியலோ வராமல் போகவில்லை. அதைச் சுமந்து வந்த மொழிதான் கைக்கு எட்டவில்லை. இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

ஸ்போக்கன் இங்கிலிஷ் வேறு, படிப்பு ஆங்கிலம் வேறு

'இங்கிலிஷ் வரலையா, ஸ்போக்கன் கிளாஸ் சேரு' என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை. முப்பது நாளில் சரளமாகப் பேசலாம் என்ற போஸ்டர் இல்லாத பஸ் ஸ்டாண்டு இல்லை. பேசப் பழகுவது நல்லதுதான். ஆனால் கடையில் விலை கேட்கும் ஆங்கிலமும், பொருளாதாரப் பாடத்தில் விலைவாசி ஏன் ஏறுகிறது என்று விளக்கும் ஆங்கிலமும் ஒன்றல்ல.

கல்லூரி உங்களிடம் கேட்பது நான்கு வேலை. வகுப்பில் கேட்டுக் குறிப்பெடுப்பது, பாடநூலைப் படித்துப் புரிந்துகொள்வது, தேர்வில் பதில் எழுதுவது, செமினாரில் எழுந்து நின்று பேசுவது. இதில் மார்க்கில் பெரும்பங்கு படிப்பதிலும் எழுதுவதிலும்தான் இருக்கிறது. ஆகவே புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயை ஏதாவது வகுப்புக்குக் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்க: 'இங்கே பாடப் பகுதியைப் படிக்கவும், பத்தி எழுதவும் சொல்லித் தருவீங்களா?' பதில் இல்லை என்றால் யோசிங்க.

நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

மொழித் திறனை அளக்க ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஒரு ஆறு படி அளவுகோல் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஏ1, ஏ2 தொடக்க நிலை. பி1, பி2 நடுநிலை. சி1, சி2 உயர்நிலை. பெயர், ஊர், குடும்பம் பற்றி நாலு வாக்கியம் சொல்ல முடிந்தால் ஏ1. தெரிந்த விஷயத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத முடிந்தால் ஏறத்தாழ பி1. உங்கள் துறைக் கட்டுரையைப் படித்து, அதோடு உடன்படுகிறேன் அல்லது மறுக்கிறேன் என்று காரணத்தோடு எழுத முடிந்தால் பி2. ஆங்கில வழிப் பல்கலைக்கழகப் படிப்பு வசதியாக ஓட பி2 தேவை.

ஏ1-இல் இருப்பவர் நேராக பி2 புத்தகத்தை எடுத்தால் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவார். சுருளி அருவிக்குப் படி ஏறுகிற மாதிரிதான். ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும்.

முதல் படி: ஒரே பாடம், இரண்டு புத்தகம்

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் 1, பிளஸ் 2 புத்தகங்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் அதே பாடம், பெரும்பாலும் அதே வரிசை, அதே படம்.

நீங்கள் ஏற்கெனவே தமிழில் படித்துத் தேர்வு எழுதிய ஒரு பாடத்தை எடுங்கள். உதாரணமாக, தாவரவியலில் ஒளிச்சேர்க்கை. முதலில் தமிழில் ஒரு பத்தி. உடனே அதே பத்தி ஆங்கிலத்தில். பொருள் உங்களுக்கு முன்பே தெரியும் என்பதால், ஒளிச்சேர்க்கைதான் ஃபோட்டோசிந்தசிஸ், பச்சையம்தான் குளோரோபில் என்று வார்த்தைகள் தானாக வந்து ஒட்டும். அகராதியைப் புரட்ட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். கல்லூரிப் பாடத்தில் புதிய கலைச்சொல் வந்தால் அரசின் 'சொற்குவை' இணையதளத்தில் தேடித் தமிழ்ச் சொல்லைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: எந்த வார்த்தைகளை முதலில்?

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கான சொற்கள் இருக்கின்றன. எல்லாம் வேண்டாம். அன்றைய வங்காளத்தில், டாக்காவில் ஆசிரியப் பணி செய்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் அதிகம் புழங்கும் சுமார் 2,000 சொற்களை ஒரு பட்டியலாக்கி 1953-ல் வெளியிட்டார். பாடநூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய முக்கால்வாசி இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகிறது.

நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட், சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல் தொகுப்பை ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். கலை, வணிகவியல், சட்டம், அறிவியல் என எல்லாத் துறைப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வருபவை இவை: அனலைஸ், கான்செப்ட், டேட்டா, ஃபேக்டர், மெத்தட் போன்றவை. கல்வி நூல்களில் இன்னொரு பத்து சதவீதம் இந்த 570-க்குள். 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' என்று தேடினால் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஐந்து என்று எடுத்தால் 114 நாளில் முடியும். அதாவது நான்கு மாதம்கூட இல்லை.

சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யாதீங்க. உங்கள் பாடநூலில் அது வரும் வாக்கியத்தோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்க. கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் பல சொற்களுக்குப் பக்கத்திலேயே ஏ1, பி2 என்று படிநிலையும் போட்டிருக்கும்.

மூன்றாம் படி: வாக்கியத்தைப் பிரித்துப் படிப்பது

சொல் எல்லாம் தெரியுது, ஆனா வாக்கியம் புரியலை என்கிறீர்களா? நம் மொழியின் அமைப்பே வேறு என்பதுதான் காரணம். 'நேற்று சந்தைக்கு வந்த திராட்சை' என்கிறோம். வர்ணனை எல்லாம் முன்னால், திராட்சை கடைசியில். ஆங்கிலத்தில் 'தி கிரேப்ஸ் தட் கேம் டு தி மார்க்கெட் யெஸ்டர்டே'. திராட்சை முன்னால், வர்ணனை பின்னால். பாடநூலில் இந்தப் பின்வர்ணனை இரண்டு வரிக்கு நீளும். வினைச்சொல் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

இதற்கு ஒரு பழக்கம் உதவும். நீள வாக்கியம் வந்தால் பென்சிலை எடுங்கள். யார் அல்லது எது என்பதற்கு அடியில் ஒரு கோடு. முக்கிய வினைச்சொல்லுக்கு இரண்டு கோடு. 'தட்', 'விச்' என்று தொடங்கும் வர்ணனைக்கு அடைப்புக்குறி. அடைப்புக்குறியை விட்டுவிட்டு முதலில் எலும்புக்கூட்டைப் படியுங்கள். பிறகு சதையைச் சேருங்கள். பத்து நாள் செய்தால் கண்ணே பிரித்துக்கொள்ளும்.

நான்காம் படி: கேள்வி என்ன கேட்கிறது?

பதில் தெரிந்தும் மார்க் போகும் இடம் இதுதான். நம்ம ஊர் உதாரணத்தோடவே சொல்றேன். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

'டிஸ்கிரைப்' என்றால் விவரி. 1895-ல் திறக்கப்பட்டது, மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது என்று எழுதினால் போதும்.

'எக்ஸ்பிளெய்ன்' என்றால் காரணம் சொல்லி விளக்கு. அந்தத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் எப்படிச் சாத்தியமாகிறது என்று காரணத்தையும் விளைவையும் இணைக்க வேண்டும்.

'கம்பேர்' என்றால் ஒப்பிடு. அணைப் பாசனம் உள்ள வயலையும் மானாவாரி நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

'எவால்யுவேட்' என்றால் மதிப்பிடு. பயன் இவ்வளவு, வரம்பு இவ்வளவு, ஆகவே என் முடிவு இது என்று சொல்ல வேண்டும்.

நான்கு கேள்விக்கும் 'டிஸ்கிரைப்' பதிலையே எழுதினால் பக்கம் நிறையும், மார்க் நிறையாது. பழைய வினாத்தாள்களை எடுத்து இந்தக் கட்டளைச் சொற்களை மட்டும் வட்டமிட்டுப் பாருங்க.

மேல் படிகள்: சொந்தமாக எழுதுவது

மூன்றாம் ஆண்டு புராஜெக்ட், முதுகலை, ஆராய்ச்சி என்று போகும்போது மொழி இன்னொரு கணக்குக்கு மாறும். அங்கே உறுதியையும் அளந்து சொல்ல வேண்டும். ஒரே தோட்டத்தைப் பார்த்துவிட்டு 'இந்த உரம் விளைச்சலைக் கூட்டும்' என்று எழுதக் கூடாது. 'கூட்டக்கூடும்' என்றே எழுத வேண்டும். தமிழில் 'கூடும்', 'தெரிகிறது' என்று நாம் சொல்வதைத்தான் ஆங்கிலத்தில் 'மே', 'சஜஸ்ட்ஸ்' செய்கின்றன. அடுத்தவர் கருத்தை எடுத்தால் யாருடையது என்று சொல்ல வேண்டும்.

இது வெறும் மார்க் விஷயமில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்படி ஒரு குறியீடு வாங்க, அந்தப் பொருளின் தனித்தன்மையையும் மண்ணையும் தட்பவெப்பத்தையும் ஆதாரத்தோடு எழுதி விண்ணப்பிக்க வேண்டும். நம் பள்ளத்தாக்கின் அடுத்த விளைபொருளுக்கான விண்ணப்பத்தை எழுதப் போவது உங்களில் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது?

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அசைன்மென்டை எழுதி வாங்கும் பழக்கம் பெருகிவிட்டது. அது எழுதித் தந்தால் அதற்குத்தான் ஆங்கிலம் வரும், உங்களுக்கு வராது. நீங்கள் எழுதிய பத்தியைக் கொடுத்து, 'எங்கே தவறு, ஏன் தவறு, தமிழில் சொல்' என்று கேளுங்கள். அப்போது அது வாத்தியார் ஆகிவிடும்.

செய்து பழகினால் வரும்

என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பகுதிப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியை முதலில் நடத்தாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுவது போன்ற வேலைகளை ஆங்கிலத்தில் செய்ய வைத்தார். வேலையில் கவனம் வைத்தால் மொழி கூடவே வரும் என்பது அவர் கருத்து. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்கள் இன்றும் பேசும் சோதனை அது.

நீங்களும் செய்யலாம். 2023 ஜூனிலிருந்து போடி வரை ரயில் வருகிறது. அதன் கால அட்டவணையை வைத்து, மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் போய்வர ஆங்கிலத்தில் திட்டம் எழுதுங்கள். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து செய்தால் பேச்சுப் பயிற்சியும் ஆச்சு.

கைபேசியில் கிடைக்கும் அரசு சேவைகள்

• நான் முதல்வன்: 2022 மார்ச் 1-இல் தொடங்கிய திட்டம். கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் உள்ளிட்ட திறன் பயிற்சிகள் உண்டு. உங்கள் பருவத்தில் எந்தப் பாடம் என்று கல்லூரி ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். வருகைப் பதிவுக்காக மட்டும் உட்காராதீர்கள்.

• ஸ்வயம், என்பிடெல்: ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களின் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். என்பிடெல்லில் பல பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவமும் உண்டு.

• தாட்கோ: வெளிநாட்டில் படிக்க விரும்பும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற தேர்வுகளுக்குப் பயிற்சி அறிவிப்பு வரும். இணையதளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

• கிளை நூலகம்: ஆங்கில நாளிதழ் அங்கேயே படிக்கலாம். ஒரு தலையங்கம், ஒரு நாள்.

தமிழை விட்டுவிட வேண்டாம்

கடைசியாக ஒன்று. ஆங்கிலம் கற்பதற்காகத் தமிழைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமையைத் தமிழ்நாடு 2010-லேயே சட்டமாக்கியிருக்கிறது. தமிழ் வழிச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். தமிழில் நன்றாக யோசிப்பவர்தான் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதுவார்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ராத்திரி சாப்பிடும்போது 'இன்னைக்கு என்ன பாடம் நடத்துனாங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லு' என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் சொல்லட்டும். தமிழில் சொல்ல முடிந்த பாடம் ஆங்கிலத்தில் வர அதிக நாள் ஆகாது. சொல்ல முடியாமல் முழித்தால், அரியர் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மாணவர்களே, இன்று இரவே பாடநூல் கழகத் தளத்தைத் திறந்து ஒரு பாடத்தை இரண்டு மொழியிலும் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் படி அதுதான்.