கடலையும் காற்றையும் அளக்கும் கப்பல்கள்

கடலிற் செல்லும் கப்பல்களுட் பல சரக்கேற்றிச் செல்வன. சில போருக்குச் செல்வன. சில மீன்பிடிக்கச் செல்வன. இத்தொழில்களுள் எதனையும் மேற்கொள்ளாத ஒருவகைக் கப்பலும் உண்டு. கரையோ தீவோ கண்ணுக்கு எட்டாத நடுக்கடலில், வெளிப்படையான காரணம் ஏதுமின்றி, அது தன் ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும். சில மணிநேரம் நின்றபின் மீண்டும் புறப்படும். ஐம்பது அறுபது மைல் சென்றதும் மறுபடியும் நிற்கும். தொலைவிற் செல்லும் வணிகக் கப்பலின் மாலுமி இதனைக் கண்டால், இயந்திரம் பழுதுற்றதோ என ஐயுறுவான். பழுது ஒன்றுமில்லை. அக்கப்பல் நிற்கும் இடம் ஆராய்ச்சியாளர் வழக்கில் ஒரு ‘நிலையம்’ எனப்படும். தரையிலுள்ள நிலையத்துக்குக் கட்டடம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. கடல் நிலையத்துக்கு அகலக்கோடும் நெடுங்கோடும் ஓர் இலக்கமுமே உண்டு. கப்பல் அகன்றதும் அவ்விடத்தில் அலையன்றி வேறெதுவும் எஞ்சுவதில்லை. எஞ்சுவது, கப்பலின் பதிவேட்டில் எழுதப்பட்ட சில எண்கள் மாத்திரமே.

அவ்வெண்கள் எவ்வாறு பெறப்படுகின்றன என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் நன்று.

மூவாயிரம் மீற்றர் ஆழத்திலுள்ள நீரின் வெப்பநிலையை அறிய வேண்டும் எனக் கொள்வோம். சாதாரண வெப்பமானி ஒன்றைக் கயிற்றிற் கட்டி இறக்கினாற் பயனில்லை. ஆழத்துநீர் குளிர்ந்தது, மேல்நீர் வெப்பமானது. வெப்பமானி மேலே வந்து சேர்வதற்குள் அதன் இரசம் ஏறிவிடும். இவ்விடரைத் தீர்ப்பதற்கு 1874 ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள நெகிரெட்டி, சம்பிரா என்னும் கருவி செய்வோர் கவிழ்வெப்பமானி ஒன்றை ஆக்கினர். அதனைத் தலைகீழாகக் கவிழ்த்த கணத்தில் இரசத்தம்பம் ஓரிடத்தில் அறுபடும். அறுபட்ட பகுதியின் நீளமே அவ்வாழத்தின் வெப்பநிலையைக் காட்டும்; மேலே கொண்டுவரும் வழியில் அது மாறுவதில்லை. அங்ஙனம் கொண்டுவந்தபின் ஏற்படும் சிறு மாற்றத்தையும் கணக்கிட்டு நீக்கிவிடலாம்.

ஆழத்தில் அதனைக் கவிழ்ப்பவர் யார்? வடதுருவப் பயணத்தாற் புகழ்பெற்ற நோர்வே அறிஞர் நான்சனின் பெயரால் வழங்கும் போத்தல் இப்பணியைச் செய்தது. அது இருமுனையும் திறந்த ஓர் உலோகக் குழாய். அதன் பக்கத்தில் கவிழ்வெப்பமானிகள் பொருத்தப்பட்டிருக்கும். நீண்ட உருக்குக் கம்பியொன்றில் இத்தகைய போத்தல்கள் பல, குறித்த இடைவெளிகளிற் பூட்டப்பட்டுக் கடலினுள் இறக்கப்படும். வெப்பமானிகள் அங்குள்ள நீரின் வெப்பநிலையை அடையும்வரை சில நிமிடங்கள் காத்திருந்தபின், கப்பலிலிருந்து சிறிய உலோக எடையொன்று கம்பிவழியே நழுவவிடப்படும். மாலுமிகள் அதற்கு இட்ட பெயர் ‘தூதன்’. தூதன் சென்று முதற்போத்தலைத் தட்டும், போத்தல் கவிழும், அதன் வாயில்கள் மூடி நீரைச் சிறைப்பிடிக்கும். அதே நேரத்தில் அதன் கீழ்த் தொங்கிய மற்றொரு தூதன் விடுபட்டு அடுத்த போத்தலை நாடிச் செல்லும். மேலே நிற்பவர் கம்பியிற் கைவைத்து, ஆழத்தில் நிகழும் அந்த மெல்லிய அதிர்வை உணர்வர். பல்லாயிரம் அடிக்குக் கீழே வேலை முடிந்தது என்பதற்கு அவ்வதிர்வு ஒன்றே சாட்சி.

இன்னுமொரு நுட்பமுண்டு. கம்பி நீரோட்டத்தாற் சாய்வதால், விடுத்த கம்பியின் நீளம் உண்மையான ஆழம் ஆகாது. ஆகவே சில போத்தல்களில் இரண்டு வெப்பமானிகள் அருகருகே வைக்கப்பட்டன. ஒன்று தடித்த கண்ணாடியுறையாற் காக்கப்பட்டது. மற்றது காப்பின்றிக் கடலின் அமுக்கத்துக்கு விடப்பட்டது. காப்பற்றது ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு பாகை வீதம் கூடுதலாகக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து போத்தல் கவிழ்ந்த ஆழம் அறியப்படும். ‘பொய் சொல்லும்’ கருவியிலிருந்தே உண்மையைப் பெறும் இவ்வுபாயம் வியக்கத்தக்கது. ஆயின் அந்தப் பொய்யின் அளவு முன்னரே துல்லியமாகத் தெரிந்திருத்தல் வேண்டும்.

போத்தல்கள் மேலே வந்ததும் வெப்பமானியை ஒருவர் உருப்பெருக்கும் வில்லையால் வாசிப்பார். அவர் கண்ட எண்ணைக் காணாமலே இன்னொருவரும் வாசிப்பார். பாகையின் நூறில் ஒரு பங்குவரை நோக்கப்படும். நள்ளிரவாயினும், மழை பெய்யினும், கப்பல் எத்துணை உருளினும் இவ்வொழுங்கு தவறலாகாது. ஆழ்கடலில் ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையே வெப்பநிலையும் உவர்த்தன்மையும் மிகச் சிறிதே மாறுகின்றன. அச்சிறு மாற்றத்தைக் காணப் புறப்பட்டவர், தம் கருவியின் பிழை அதனினும் பெரிதாய் இருக்க விடுவாரேயானால், பயணம் முழுவதும் வீணாகும். உவர்த்தன்மையை அளப்பதற்கும் இவ்வாறே ஓர் உரைகல் வேண்டியிருந்தது. கண்ணாடிக் குப்பிகளில் அடைக்கப்பட்ட ‘நியமக் கடல்நீர்’ பல்லாண்டுகளாக டென்மார்க்கின் கொப்பனேகன் நகரிலிருந்து உலகக் கப்பல்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டது. நாடு எதுவாயினும் ஒப்பிடும் நீர் ஒன்றே. இன்று நான்சன் போத்தலின் இடத்தை மின்கருவி பிடித்துவிட்டது. ஆழத்துக்குச் செல்லும்போதே வெப்பநிலை, உவர்த்தன்மை, அமுக்கம் ஆகியவற்றை இடைவிடாது அறிவிக்கின்றது. எனினும் அதனோடு நீர்ப்போத்தல்களும் இறக்கப்படுகின்றன. மின்கருவி சொல்வதைப் போத்தல்நீர் கொண்டு சரிபார்க்காமல் ஏற்பாரில்லை.

காற்றை அளப்பது இதனிலும் எளிதன்று. கப்பல் ஓடும்போது காற்றுமானி காட்டும் வேகம் காற்றின் வேகமன்று. கப்பலின் ஓட்டமும் அதிற் கலந்திருக்கும். கப்பலின் திசையையும் வேகத்தையும் கழித்தே மெய்க்காற்று பெறப்படும். மேலும், கப்பல் என்பது வெயிலிற் காய்ந்த ஓர் இரும்புமலை. புகைபோக்கியின் வெப்பமும் தளத்தின் வெப்பமும் வெப்பமானியை எட்டாதவாறு, அதனைக் காற்று முதலில் வந்து மோதும் பக்கத்தில் வைத்தல் வேண்டும். உயர்வானத்தை அறிவதற்கு வாயு நிரப்பிய பலூன்கள் ஏவப்படும். பலூனிற் கட்டிய சிறு வானொலிக் கருவி அமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன் ஆகியவற்றை அனுப்பிக்கொண்டே மேலேறும். பலூன் பாய்மரக் கயிற்றிற் சிக்காமற் போவதற்காகக் கப்பலைத் திருப்பி நிறுத்தும் மாலுமியும் ஒருவகையில் ஆராய்ச்சியாளரே.

அளவு எடுத்த முறை பதிவாகாவிடில் நேரும் குழப்பத்துக்கு ஒரு வாளியின் கதை போதும். ஆராய்ச்சிக் கப்பல்கள் உலகில் மிகச் சில. ஆதலின் கடல்மேற்பரப்பின் வெப்பநிலை பற்றிய நீண்டகாலப் பதிவிற் பெரும்பகுதி வணிகக் கப்பல்களும் போர்க்கப்பல்களும் தந்ததேயாகும். 1853 ஆம் ஆண்டில் பிரசெல்ஸ் நகரிற் கூடிய மாநாடு அப்பதிவுக்கு ஒரு பொது ஒழுங்கை வகுத்தது. பிரித்தானியக் கப்பல்கள் பல கன்வசு வாளியால் நீர் மொண்டு அளந்தன. வாளி மேலேறும்போதே அதன் ஈரம் ஆவியாகி நீர் சற்றுக் குளிரும். அமெரிக்கக் கப்பல்கள் பல இயந்திர அறைக்குள் வரும் குளிராக்கும் நீரை அளந்தன. இயந்திர அறையின் சூட்டினால் அது சற்று வெப்பமடையும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பதிவுகளிற் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களுடையது. போர் முடிந்ததும் பிரித்தானியப் பங்கு உயர்ந்தது. விளைவு யாது? 1945 இன் பிற்பகுதியில் உலகக் கடல்கள் திடீரெனக் குளிர்ந்துவிட்டதாக ஏடுகள் காட்டின. உலகச் சராசரியில் ஏறக்குறைய 0.3 பாகை வீழ்ச்சி. தரையின் பதிவுகளில் அத்தகைய வீழ்ச்சி இல்லை. 2008 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வே இதன் காரணத்தை எடுத்துக்காட்டியது. கடல் குளிரவில்லை, வாளி மாறியிருந்தது. உலகம் எவ்வளவு வெப்பமடைந்துள்ளது என்று நாடுகள் வாதிடும் இக்காலத்தில் 0.3 பாகை சிறிய எண்ணன்று. தாம் நீர் மொண்டது எதனால் என ஒரு சொல் எழுதியிருப்பாரேல், பின்வந்தோர் பட்ட பாடு பெரிதும் குறைந்திருக்கும்.

இக்கவலை இந்து சமுத்திரத்தைப் பொறுத்தமட்டில் இருமடங்காகும். ஏனைய சமுத்திரங்களில் இல்லாத ஓர் இயல்பு இதற்குண்டு. இதன் வடபாகத்திற் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகின்றது; அதனோடு நீரோட்டங்களும் மாறுகின்றன. தை மாதத்தில் அளந்தவர் காணும் கடலும் ஆடி மாதத்தில் அளந்தவர் காணும் கடலும் ஒன்றல்ல. 1959 முதல் 1965 வரை நடைபெற்ற சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணத்தில் பல நாடுகளின் சுமார் நாற்பது கப்பல்கள் பங்குகொண்டமைக்கு இதுவும் ஒரு காரணம். சோவியத் நாட்டின் ‘வித்தியாஸ்’, பிரித்தானியாவின் ‘டிஸ்கவரி’, இந்தியக் கடற்படையின் ‘கிஸ்ட்னா’ முதலியன அவற்றுட் சில. அமெரிக்காவின் ‘அன்ரன் புரூன்’ முன்பு ஜனாதிபதி ட்ரூமனின் உல்லாசக் கப்பலாய் இருந்தது. விருந்து நடந்த தளத்தில் மிதவுயிர் வலைகள் உலர்ந்தமை காலத்தின் விளையாட்டுப் போலும்.

அமெரிக்காவின் ‘ஆர்கோ’ கப்பல் 1962 இன் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலநடுக்கோட்டின் அடியோட்டத்தைத் தேடியது. பசிபிக் சமுத்திரத்தில் அத்தகைய வலிய அடியோட்டம் முன்னரே காணப்பட்டிருந்தது, இங்கோ காணப்படவில்லை. அத்தோடு விட்டிருந்தால், இந்து சமுத்திரத்தில் அடியோட்டமே இல்லை என்னும் தவறான முடிவு நூல்களில் ஏறியிருக்கும். ஆயின் அக்கப்பல் 1963 இல், வடகீழ்ப் பருவக்காற்று முடியும் பங்குனி சித்திரைக் காலத்தில், மீண்டும் வந்தது. அடியோட்டம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் ‘ஆர்கோ’வும் ‘டிஸ்கவரி’யும் சோமாலியக் கரையோரத்தில், வினாடிக்கு மூன்றரை மீற்றர் வேகமுள்ள நீரோட்டத்தை அளந்தன. உலகின் மிக விரைவான சமுத்திர நீரோட்டங்களுள் அது ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தபின் அதுவும் ஓய்ந்து திசைமாறிவிடும்.

பல நாட்டார் தத்தம் வழக்கப்படி அளந்தால் வாளியின் கதை மீண்டும் நேருமன்றோ? இதனை எண்ணியே மிதவுயிர் சேர்ப்பதற்கு ஒரே அளவான வலை வகுக்கப்பட்டது. வாய்ப்பரப்பு ஒரு சதுரமீற்றர். இருநூறு மீற்றர் ஆழத்திலிருந்து நேராக மேலே இழுத்தல் வேண்டும். அவ்வாறு சேர்த்தவை கொச்சியில் அமைக்கப்பட்ட நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. பம்பாயில் நிறுவப்பட்ட வளிமண்டல நிலையம் கப்பல்களும் விமானங்களும் தந்த செய்திகளை ஒருங்கு சேர்த்தது. நீரியல் அளவுகள் பலவாறு சோதிக்கப்பட்டு, கிளவுஸ் விர்ட்கி என்பவர் 1971 இல் வெளியிட்ட பெரும் படத்தொகுதியில் இடம்பெற்றன. பயணம் முடிந்து ஆறாண்டுகள் கழிந்தே நூல் வெளிவந்தது. கடலில் அளப்பதிலும் பார்க்கக் கரையிற் சரிபார்ப்பதே நெடிய வேலையாயிற்று.

இந்நூற்றாண்டின் தொடக்கம் முதலாகத் தாமே மூழ்கி எழும் மிதவைகள் கடலெங்கும் விடப்பட்டுள்ளன. அவற்றுக்கும் ‘ஆர்கோ’ என்பதே பெயர். கிரேக்கக் கதையில் வரும் கப்பலின் பெயர் அது. ஏறக்குறைய நாலாயிரம் மிதவைகள், பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீற்றர் ஆழத்திலிருந்து எழுந்து, தாம் அளந்தவற்றைச் செய்மதிக்கு அறிவிக்கின்றன. அங்ஙனமாயின் கப்பல் எதற்கு என்று சிலர் வினவுவர். மிதவையின் உவர்மானி நாளடைவிற் பிசகுவதுண்டு. பிசகியதை அறிய, கப்பலில் வந்த மனிதர் கவனத்தோடு எடுத்த அளவுகளே துணை. பெரும்பாலான மிதவைகள் எட்டாத ஆழங்களோ இன்றும் பெரும்பாலும் கப்பலுக்கே உரியன.

2016 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் இந்திய ஆராய்ச்சிக் கப்பலான ‘சிந்து சாதனா’ இலங்கைக்குக் கிழக்கே, வடக்கு அகலக்கோடு 8 பாகை, கிழக்கு நெடுங்கோடு 89 பாகை கூடுமிடத்தில் ஏறக்குறைய பத்து நாள் நின்றது. இந்திய, பிரித்தானிய ஆய்வாளர் சேர்ந்து நடத்திய பயணம் அது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஒரு நீரோட்டம் தேவேந்திரமுனைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடி, பின் வடக்கே திரும்பி வங்காள விரிகுடாவுட் புகுகின்றது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகளாலும் மழையாலும் அவ்விரிகுடாவின் மேல்நீர் உவர் குறைந்திருக்கும். நீரோட்டமோ மேற்குப் பக்கத்து உவர்மிகுந்த நீரைக் கொணர்ந்து அதன் கீழே செலுத்தும். இரு நீரும் எவ்வளவு கலக்கின்றன என்பதைப் பொறுத்தே மேற்பரப்பின் வெப்பம் நிலைக்கும். அவ்வெப்பத்தைப் பொறுத்தே மழைமேகம் கூடும். வயலில் விதைப்புக்குக் காத்திருக்கும் உழவனுக்கு மழை வருமோ வாராதோ எனச் சொல்ல முயல்வோர், ஆயிரம் பங்கு நீரில் ஒரு பங்கு உப்புக் கூடியதா குறைந்ததா என்னும் அளவையே முதலில் கேட்கின்றனர். அதனை அறிய அக்கப்பலிலிருந்து கருவி இரவும் பகலும் மீண்டும் மீண்டும் இறக்கி ஏற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் நேரம், ஆழம், காற்றின் திசை, முகிலின் நிலை யாவும் பதிவேட்டில் எழுதப்பட்டன.