மூலை திரும்பும் பாடம்



ஒரு சிறு துண்டை வரைந்து, அதையே கோடு நெடுக ஓடவிடுவது ‘பேட்டர்ன் பிரஷ்’. சந்தா கட்டிப் பெறும் இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கெனத் தூரிகையே உண்டு. 2003-ல் தோன்றிய இங்க்ஸ்கேப் இலவசம். அதில் ‘பேட்டர்ன் அலாங் பாத்’ என்னும் விளைவு இப்பணியைச் செய்கிறது. இதற்குத் தமிழில் பாடம் இயற்றப் புகுந்துள்ள நம் இளைஞர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று.

இரு தண்டவாளத் துண்டுகளையும் ஒரு சிலீப்பர் கட்டையையும் ஒன்றாய் இணைத்துப் படியெடுங்கள். வளைகோடொன்றைத் தேர்ந்து, விளைவைச் சேர்த்து, துண்டை அதில் ஒட்டி, ‘ரிப்பீட்டட்’ என்று அமையுங்கள். ரயில் பாதை அழகாக ஓடும். ஆனால் ரயில் பாதையில் கூர்மூலை இல்லை. மலரின் பக்கக் கரையிலோ நான்கு மூலைகள் உண்டு. துண்டு, கோட்டின் திசைக்கேற்ப வளைவது. திசை சட்டெனத் திரும்புமிடத்தில் அது சிதைகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் மூலைக்கெனத் தனித் துண்டு வைக்கலாம். இவ்விளைவில் அவ்வசதி இல்லை. ஆகவே மூலையைச் சற்று வட்டமாக்க வேண்டும். அன்றேல் நான்கு பக்கங்களையும் தனித்தனியே அமைத்து, மூலைப் பூவைக் கையால் பொருத்த வேண்டும். வண்ணமும் அவ்வாறே: துண்டின் நிறம் நில்லாது, கோட்டின் நிறமே நிற்கும்.

இவற்றைச் சொல்லாத பாடம், கற்பவரை நடுவழியில் இறக்கிவிடுகிறது. ஆசானின்றித் தனியே பயிலும் பிள்ளை, குறை தன்னுடையதே என்றெண்ணிக் கைவிட்டுவிடும். ஆதலால், நண்பர்களே, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதோடு, ஏன் சிதைகிறது என்பதையும் எழுதுங்கள். பொத்தான்கள் இடம் மாறலாம். காரணம் அறிந்தவர் வழி தேடிக்கொள்வார்.